கியர் சரியாக விழாத பழைய கார்: வாங்கலாமா, விடலாமா?

சந்தை விலையைவிட நாற்பதாயிரம் ராண்ட் குறைவு. எஞ்சின் சத்தமில்லாமல் ஓடுகிறது, பெயிண்ட் பளபளக்கிறது. "கியர் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், நல்ல மெக்கானிக் ஒருவரிடம் காட்டினால் சரியாகிவிடும்" என்கிறார் விற்பவர். தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டோங்காட் என்று எங்கே கார் தேடினாலும் இந்தப் பேச்சு ஒருமுறையாவது காதில் விழும். சில நேரம் அது உண்மையாகவே நல்ல பேரம். சில நேரம் மிச்சம் பிடித்த நாற்பதாயிரத்தின் மேல் இன்னொரு நாற்பதாயிரத்தை விழுங்கும் பள்ளம்.

இரண்டையும் பிரிப்பது விலைக் குறைப்பின் அளவு இல்லை. பழுது கியர்பாக்ஸுக்கு வெளியே இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்பதுதான் பிரிக்கிறது. வெளியே என்று நிச்சயமாகத் தெரிந்தால் தைரியமாக வாங்கலாம். உள்ளே என்றால், மேனுவலாக இருந்து விலையும் அதற்கேற்ப இறங்கினால் மட்டும் வாங்கலாம். எங்கே என்றே தெரியாவிட்டால் எந்த விலைக்கும் வேண்டாம்.

முன்னால் இருக்கும் வழிகள் நான்கு. பழுதோடு குறைந்த விலைக்குத் தனிநபரிடம் வாங்குவது. விற்பவரே சரிசெய்து தரட்டும் என்று காத்திருந்து வாங்குவது. டீலரிடம் முழு விலை கொடுத்துச் சட்டப் பாதுகாப்போடு வாங்குவது. அதே பணத்துக்குப் பழுதில்லாத, ஆனால் வயது கூடிய அல்லது சிறிய காரை எடுப்பது. இவற்றை ஒப்பிடுவதற்கு முன் காரைப் படிக்கத் தெரிய வேண்டும்.

மேனுவல் கார்: எஞ்சினை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள்

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: நான் வரும்வரை காரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிரில் தெரியும் பழுதை அவர் ஓட்டியே மறைத்திருக்கலாம்.

எஞ்சின் ஓடாத நிலையில் கிளட்சை முழுதாக மிதித்து எல்லாக் கியரையும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். எல்லாம் எளிதாக விழுகிறதா? இப்போது எஞ்சினை ஸ்டார்ட் செய்து அதையே செய்யுங்கள். அணைத்திருக்கும்போது எளிதாக விழுந்தது, ஓடும்போது கரகரத்து அடம்பிடித்தால், கிளட்ச் முழுதாகப் பிரியவில்லை என்றே பெரும்பாலும் பொருள். இன்னொரு சோதனையால் இதை உறுதி செய்யலாம். நியூட்ரலில் கிளட்சை மிதித்துப் பத்து விநாடி பிடித்துவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். பத்து விநாடிக்குப் பிறகும் ரிவர்ஸ் கரகரத்தால் கிளட்ச் முழுதாகப் பிரியாமல் இழுக்கிறது. பெடலை நாலைந்து முறை வேகமாக மிதித்த பிறகு கியர் விழுந்தால், ஹைட்ராலிக் குழாயில் காற்று புகுந்திருக்கிறது, இல்லாவிட்டால் பெடலோடு இணைந்து எண்ணெயை அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் தளர்ந்திருக்கிறது.

இது கேட்க நல்ல செய்தி. ஆனால் அந்த எண்ணெய் அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைப் பிரிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துச் செலவு பலமடங்கு மாறும். கியர்பாக்ஸுக்கு வெளியே போல்ட் போட்டுப் பொருத்திய வகை என்றால், மாற்றிக் காற்றை வெளியேற்றுவது சில மணி நேர வேலை. கிளட்ச் உறைக்குள் ஷாஃப்டைச் சுற்றி உட்காரும் வகை என்றால் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். இறக்கிய பிறகு சிலிண்டரை மட்டும் மாற்றி ஏற்றுவது வீண் சிக்கனம். கூலி ஒன்றுதான் என்பதால் டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றிவிட வேண்டும். டீசல் பக்கிகளிலும் (பிக்கப் வண்டிகள்) சில டர்போ கார்களிலும் எஞ்சின் அதிர்வைத் தணிக்கும் இரட்டை எடை ஃப்ளைவீல் இருக்கும். அதுவும் தேய்ந்திருந்தால் அதன் விலை கிளட்ச் கிட்டின் விலையைத் தாண்டிப் போகலாம். பெடலின் மேல்முனையில் ஈரம், கிளட்ச் உறையின் அடியில் ஈரம், பிரேக் எண்ணெய்த் தொட்டியில் அளவு குறைவு ஆகிய மூன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பல கார்களில் கிளட்சும் பிரேக்கும் ஒரே தொட்டியிலிருந்துதான் எண்ணெய் எடுக்கின்றன.

எஞ்சின் அணைந்திருக்கும்போதே கியர் விழவில்லை என்றால் கியர் கேபிளைப் பாருங்கள். முன்சக்கர இழுப்புக் கார்களில் பெரும்பாலும் இரண்டு கேபிள்கள் இருக்கும். ஒன்று லீவரின் பக்கவாட்டு அசைவை எடுத்துச் செல்கிறது, மற்றது முன்பின் அசைவை. முதலும் இரண்டாவதும் கிடைக்கவில்லை, மூன்றும் நான்கும் சரியாக இருக்கின்றன என்றால், பக்கவாட்டுக் கேபிளோ அதன் முனையில் உள்ள பிளாஸ்டிக் புஷ்ஷோ போயிருக்க வாய்ப்பு அதிகம். ஒருவர் உள்ளே உட்கார்ந்து லீவரை அசைக்கட்டும், நீங்கள் பானட்டைத் திறந்து கியர்பாக்ஸ் மேல் கேபிள் இணையும் கையைப் பாருங்கள். லீவர் முழுதாக நகர்ந்து, அந்தக் கை பாதிதான் நகர்ந்தால் பழுது வெளியேதான். பேரம் பேச வேண்டிய கார் இதுதான். வாங்குபவர் பலர் பயந்து ஓடுவதால் விலை இறங்கியிருக்கும், பழுதோ சிறிய உதிரிப்பாகம்.

எஞ்சின் மவுண்டையும் மறக்கக் கூடாது. மவுண்ட் கிழிந்திருந்தால் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் புரண்டு கேபிளை இழுக்கும், கியர் தானே கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். உள்ளே பல் தேய்ந்துவிட்டது என்று பலர் தவறாக முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். ஹேண்ட்பிரேக்கை இழுத்துக் காலால் பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, உதவிக்கு வந்தவர் கிளட்சைச் சற்றே விடட்டும். எஞ்சின் துள்ளினால் பழுது மவுண்டில்தான்.

இனி உள்ளே உள்ள பழுதுகள். ஒரே ஒரு கியர் மட்டும் கரகரக்கிறது, அதுவும் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது என்றால், கியர் பற்கள் மோதாமல் சேர வேகத்தைச் சமன்படுத்தும் சின்க்ரோ வளையம் தேய்ந்திருக்கிறது. உறுதிப்படுத்த, கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, விட்டு, ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தட்டி, மறுபடி மிதித்து இரண்டாவதைப் போடுங்கள். இப்படிக் கிளட்சை இருமுறை மிதித்தால் மென்மையாக விழுகிறது, சாதாரணமாகப் போட்டால் கரகரக்கிறது என்றால் சந்தேகமே இல்லை. இருபது நிமிடம் ஓட்டிச் சூடான பிறகும் சோதியுங்கள்.

சுமையின் கீழ் கியர் தாங்குகிறதா என்று பார்க்க, டர்பன்காரர்களுக்கு பைன்டவுனிலிருந்து குளூஃப் ஏறும் எம்13 சாலையின் ஃபீல்ட்ஸ் ஹில் போதும். மூன்றாவதில் சீராக ஏறுங்கள். கியர் கழல்கிறதா என்ற சோதனையை மட்டும் அந்த மலை இறக்கத்தில் செய்ய வேண்டாம். கழன்றால் எஞ்சின் பிடிப்பு போய்விடும், பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டிவரும். போக்குவரத்துக் குறைந்த, சரிவு லேசான சாலையில் ஆக்சிலரேட்டரை மிதித்தும் விட்டும் பாருங்கள். மவுண்ட் நன்றாக இருந்தும் லீவர் நியூட்ரலுக்குத் துள்ளினால் உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க்கோ பல்லோ தேய்ந்திருக்கிறது. பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும்.

விற்பவர் சம்மதித்தால் கியர் எண்ணெயைச் சிறிது வடித்துப் பாருங்கள். காந்தத்தில் சாம்பல் நிறப் பசைபோல் ஒட்டியிருப்பது வழக்கமானது. பித்தளை நிற மினுமினுப்பு சின்க்ரோ வளையத்தின் பொடி. நகம் அளவு இரும்புச் சில்லு கிடைத்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். எண்ணெய் எந்தத் தரம் என்றும் கேளுங்கள். ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றினால், அதிலுள்ள சில வேதிப்பொருள்கள் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும், சின்க்ரோ பிடிமானமும் குறையும். "உயர்ந்த எண்ணெய்தான் ஊற்றியிருக்கிறேன்" என்று பெருமையாகச் சொல்பவரின் காரில் பழுதுக்குக் காரணமே அதுவாக இருக்கலாம்.

ஆட்டோமேட்டிக்: எந்த வகை என்று தெரியாமல் விலை பேசாதீர்கள்

ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரில் நான்கு வேறு இயந்திரங்கள் விற்கப்படுகின்றன. ஒன்றின் பழுது மற்றதின் பழுது ஆகாது.

எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை, உதாரணமாக டொயோட்டா கொரோலா குவெஸ்ட்டின் நான்கு வேக ஆட்டோமேட்டிக், பழையவற்றில் நம்பகமானது. பி (பார்க்கிங்) நிலையிலிருந்து லீவர் நகரவே மாட்டேன் என்றால் முதலில் பிரேக் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் பெடலுக்கு மேலுள்ள பிரேக் சுவிட்ச் போயிருக்கலாம். மலிவான ஒரு சுவிட்சுக்காகக் காரையே மலிவாகத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. டி (டிரைவ்) நிலையில் போட்டபின் இரண்டு மூன்று விநாடி கழித்துத் தடாலென்று பிடித்தாலும், கியர் மாறும் நேரத்தில் எஞ்சின் வேகம் மட்டும் எகிறினாலும், எண்ணெய் கறுத்துக் கருகல் வாசனை அடித்தாலும் உள்ளே கிளட்சுகள் தீய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

உலர்ந்த இரட்டைக் கிளட்ச் வகையில் நம் சாலைகளில் அதிகம் காண்பது ஃபோக்ஸ்வேகன் போலோவின் ஏழு வேக டிஎஸ்ஜி. இதில் ஒரு கிளட்ச் 1, 3, 5, 7 கியர்களையும் மற்றது 2, 4, 6, ரிவர்ஸ் ஆகியவற்றையும் ஓட்டுகிறது. ரிவர்ஸும் இரட்டைப்படைக் கியர்களும் சேர்ந்து போனால் பழுது அந்தப் பாதியில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளலாம். காரின் கணினியில் பழுதுக் குறியீடு படிக்கும் ஸ்கேனரில் பி17பிஎஃப் (P17BF) என்று வந்தால், கியரையும் கிளட்சையும் இயக்கும் மெக்கட்ரானிக் பெட்டியில் ஹைட்ராலிக் அழுத்தம் நிற்கவில்லை. அழுத்தச் சேமிப்பான் பொருந்தும் இடத்தில் உறை விரிசல் விடுவது இந்த வகையில் நன்கு அறியப்பட்ட காரணம். அதையே கிளட்சுகள் எண்ணெயில் ஓடும் ஆறு வேக ஈர டிஎஸ்ஜியோடு குழப்பக் கூடாது. ஈர வகைக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். அதற்கான ரசீது இல்லாவிட்டால் பராமரிக்கப்படாத கார் என்றே கொள்ளுங்கள்.

ஃபோர்ட் ஃபியஸ்டா, ஃபோகஸ், ஈக்கோஸ்போர்ட் கார்களில் வந்த பவர்ஷிஃப்ட் என்ற உலர் இரட்டைக் கிளட்ச் பெட்டி, நகரும்போது உதறுவதற்கும் கட்டுப்பாட்டு மின்பலகை செயலிழப்பதற்கும் பெயர்பெற்றது. இந்தப் பெட்டி பற்றிய புகார்களைக் கையாண்ட விதத்துக்காக 2018இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஃபோர்டின் அந்நாட்டு நிறுவனத்துக்கு 1 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. பழுதோடு வரும் பவர்ஷிஃப்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கியர்களுக்குப் பதில் பட்டையும் கப்பியும் கொண்ட சிவிடியில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து சீராக அழுத்திப் பாருங்கள். எஞ்சின் கூவுகிறது, கார் நகரவில்லை அல்லது உதறுகிறது என்றால் பட்டையோ கப்பியோ தேய்ந்திருக்கிறது. இதைப் பிரித்துச் சீராக்கத் தெரிந்த பட்டறைகள் குறைவு. முழுப் பெட்டி மாற்றும் செலவையே கணக்கில் வைக்க வேண்டும்.

சுசுகி, ரெனோ சிறு கார்களில் வரும் ஏஎம்டி, உண்மையில் மேனுவல் பெட்டிதான். கிளட்சை மிதிப்பதும் கியர் போடுவதும் கணினி கட்டுப்படுத்தும் கருவிகளின் வேலை. பேட்டரி பலவீனமானாலே அது கியர் போட மறுக்கலாம். பேட்டரியை மாற்றிக் கணினியை மறுபடி பழக்கிய பின்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

எந்த ஆட்டோமேட்டிக் ஆனாலும் இரண்டு முறை ஸ்கேன் செய்யுங்கள். முதலில் நின்ற இடத்தில், பிறகு அரை மணி நேரம் ஓட்டிய பின். விற்பவர் காலையில்தான் குறியீடுகளை அழித்திருந்தால், முதல் ஸ்கேனில் கணினியின் சுயசோதனைகள் முடியாதவையாகக் காட்டும்.

யாரிடம் வாங்குவது?

தனிநபரிடம் வாங்கும்போது ஒப்பந்தத்தில் "ஃபூட்ஸ்டூட்ஸ்" என்று இருக்கும். உள்ளது உள்ளபடி எடுத்துக்கொள்கிறீர்கள். தனிப்பட்ட விற்பனைக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தாது. மறைந்திருந்த பழுது விற்பவருக்கு முன்பே தெரிந்திருந்து, ஏமாற்றும் நோக்கில் அதை மறைத்தார் என்று நிரூபித்தால் அந்த நிபந்தனை அவரைக் காப்பாற்றாது. நிரூபிக்கும் சுமை உங்களுடையது. அதனால் பார்க்கப் போகும் முன்னரே வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள்: "கியர், கிளட்ச் சம்பந்தமாக உங்களுக்குத் தெரிந்த பழுது என்ன? இதுவரை என்ன வேலை செய்தீர்கள்?" பதிலை அழிக்காமல் வையுங்கள்.

டீலர் என்றால் நிலைமை வேறு. 2011இல் நடைமுறைக்கு வந்த 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 56ஆம் பிரிவின்படி, பழுதான பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பித் தந்து சரிசெய்யவோ மாற்றவோ பணத்தைத் திரும்பப் பெறவோ உரிமை தருகிறது. சரிசெய்த மூன்று மாதத்துக்குள் அதே பழுது திரும்பினால், மாற்றித் தருவதோ பணத்தைத் திருப்புவதோ அவர் கடமை. ஆனால் 55ஆம் பிரிவின் ஆறாம் உட்பிரிவைக் கவனியுங்கள். காரின் குறிப்பிட்ட நிலையை வெளிப்படையாகச் சொல்லி, அதை நீங்கள் ஏற்றுக்கொண்டிருந்தால், அந்தக் குறைக்காகப் பிறகு உரிமை கோர முடியாது. "இரண்டாவது கியர் கரகரக்கும், வாடிக்கையாளருக்கு விளக்கப்பட்டது" என்ற ஒரு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டால், அந்தப் பழுது உங்களுடையதாகிவிடுகிறது.

ஆகவே டீலரிடம் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். பழுதை எழுதி ஒப்புக்கொள்வதானால், பழுதுக்கான முழுச் செலவும் விலையில் கழிய வேண்டும். முழு விலை கொடுப்பதானால், அந்த வரி இருக்கக் கூடாது. பத்தாயிரம் மட்டும் குறைத்துக்கொண்டு அந்த வரியிலும் கையெழுத்து வாங்கும் நடுவழிதான் வாங்குபவருக்கு மிக மோசமானது. தகராறு வந்தால் முதலில் டீலரிடமே எழுத்தில் புகார் கொடுத்து, தீராவிட்டால் மோட்டார் துறையின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

விற்பவரே சரிசெய்து தருவதாகச் சொன்னால், உதிரிப்பாகமும் பட்டறையும் உங்கள் தேர்வாக இருக்கும்போது மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள். விற்கப்போகிற காருக்கு நல்ல கிளட்ச் கிட் வாங்கிப் போடுகிறவர் அபூர்வம். கெட்டியான எண்ணெய் ஊற்றிச் சத்தத்தை அடக்குவது சுலபம். கழற்றிய பழைய பாகங்களையும் ரசீதையும் கேளுங்கள்.

கார் சாலையில் ஓடத் தகுதியானது என்று தரும் ரோட்வர்த்தி சான்றிதழைக் கியர்பாக்ஸுக்கான நற்சான்றிதழாக நினைக்க வேண்டாம். அது பெயர் மாற்றத்துக்குத் தேவை, 60 நாள் செல்லும். சின்க்ரோ தேய்ந்த கார் அதில் தாராளமாகத் தேறிவிடும். பெயர் மாற்றப் பதிவை 21 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பதால், பட்டறையில் கார் கிடக்கும் நாள்களையும் அந்தக் கணக்கோடு சேர்த்துத் திட்டமிடுங்கள்.

எவ்வளவு கொடுக்கலாம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்கு. பழுதில்லாத நிலையில் 1,30,000 ராண்ட் போகும் மேனுவல் கார், இரண்டாவது சின்க்ரோ போயிருக்கிறது. பெட்டியைப் பிரித்துக் கட்டுவதற்கும் கிளட்ச் கிட்டுக்கும் இரண்டு பட்டறைகளில் கேட்டதில் அதிகபட்சம் 28,000. திறந்த பிறகு வேறு பாகமும் தேய்ந்திருப்பது சகஜம், அதற்குக் கால் பங்கு, 7,000. இழுத்துச் செல்ல, எண்ணெய், ரோட்வர்த்தி, பதிவுக்கு 5,000. கார் இல்லாத நாள்களின் போக்குவரத்துக்கு 4,000. மொத்தம் 44,000. அப்படியானால் 86,000 கொடுத்தால் சமம்தான், லாபம் இல்லை. அலைச்சலுக்கும் ஆபத்துக்கும் இன்னும் 8,000 கழித்து 78,000க்கு மேல் போகக் கூடாது. விற்பவர் 90,000 கேட்டு இறங்க மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.

பெட்டியைக் கட்டுவதற்குப் பதில் பழைய பெட்டி வாங்கிப் போடுவது இங்கே வழக்கம். ஜப்பானிலிருந்து இறக்குமதியாகும் பெட்டிகளும் ஸ்கிராப்யார்டில் கழற்றியவையும் கிடைக்கின்றன. பெட்டி மேலுள்ள குறியீடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். உருவம் ஒன்றாக இருந்தும் இறுதிப் பல்விகிதம் மாறினால் ஒவ்வொரு கியரிலும் எஞ்சின் வேகம் தவறிப்போகும், சில கார்களில் ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும். பொருத்தும்போதே இரண்டு பக்க டிரைவ்ஷாஃப்ட் சீல்களையும் மாற்றிவிடுங்கள். பெட்டிக்கு மட்டும் உத்தரவாதம், கூலிக்கு இல்லை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வங்கிக் கடனில் வாங்குபவருக்கு இந்தக் கணக்கே மாறும். காரின் விலையைக் கடன் அடைக்கும், பழுதுச் செலவு கையிருப்பிலிருந்து உடனே போக வேண்டும். காப்பீடு விபத்துக்கும் திருட்டுக்கும்தான், தேய்மானத்துக்கு இல்லை. கூடுதல் வாரண்டித் திட்டங்களும் வாங்கும்போதே இருந்த பழுதை ஏற்காது. ஆகவே காரின் விலை போகப் பழுதுச் செலவு முழுவதும் தனியாகக் கையில் இல்லாதவர், பழுதுள்ள காரைத் தொடவே கூடாது.

அப்படிப்பட்டவருக்கும், தினமும் காலை ஆறு மணிக்கு ஐசிப்பிங்கோவிலிருந்து வேலைக்குக் கிளம்பியே ஆக வேண்டியவருக்கும், நான்காவது வழியே சரி. அதே 80,000 முதல் 90,000 ராண்டில் தேடினால் வயது கூடிய டொயோட்டா எட்டியோஸ் அல்லது போலோ விவோ மேனுவலில் ஆரோக்கியமானது கிடைக்கக்கூடும். உதிரிப்பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்தத் தெருமுனைப் பட்டறைக்கும் அவற்றைப் பிரிக்கத் தெரியும். வீட்டில் இன்னொரு கார் ஓடுகிறது, நம்பிக்கையான மெக்கானிக் கூடவே வந்து பார்த்தார், பழுது கேபிளிலோ வெளிச் சிலிண்டரிலோ இருக்கிறது என்று கண்ணால் கண்டாயிற்று, அல்லது மேனுவலின் உள்பழுதுக்கு விலை மேலே போட்ட கணக்குக்குள் இறங்கியது என்றால் மட்டும் தனிநபரின் மலிவுக் காருக்குப் போங்கள். அப்போதும் பழுது என்னவென்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி, "இதைத் தவிர விற்பவருக்குத் தெரிந்த வேறு குறை இல்லை" என்று அடுத்த வரியையும் சேர்த்து, இருவரும் கையெழுத்திட்ட பிறகே பணத்தை அனுப்புங்கள்.